இரண்டரை ஆண்டு கையோடு இருந்த டிரேஸ்டுகெதர் கருவி: ஒரு மதிப்புரை

திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு பொருளுக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும், லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையிலும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையிலும் நாங்கள் வாதாடிய வாதங்களில் பாதிக்கு மேல், நோய் கண்டவரின் அருகில் யார் இருந்தார்கள் என்று தடமறிய அரசாங்கம் கொடுத்த, உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியை வைத்துத்தான் நடந்தன. கட்டுப்பாடு எவ்வளவு வேண்டும், யாருடைய பாதுகாப்புக்காக யார் எதை விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுத்தது எப்போது திரும்பி வரும் என்பவற்றையெல்லாம் நாங்கள் கொள்கை விவாதம் என்று எண்ணிப் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது எழும் “கருவிய எடுத்துக்கிட்டியா?” என்ற கேள்வியிலிருந்துதான் அவை கிளம்பின. அடுத்த பெருந்தொற்று வரும்போது இதைப் போன்ற ஒன்று மறுபடியும் நம் கையில் தரப்படும் என்று நம்புகிறேன். அப்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே, பயன்படுத்திய ஒருத்தியின் கணக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது செயலி. கவ்டெக் எனப்படும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு சுகாதார அமைச்சுடன் இணைந்து அதை 2020 மார்ச் 20ஆம் தேதி வெளியிட்டது. இரண்டு கைபேசிகள் அருகருகே வரும்போது புளூடூத் அலை வழியாக அடிக்கடி மாறும் மறைகுறிகளைப் பரிமாறிக்கொள்ளும். அந்தப் பட்டியல் அவரவர் கைபேசியிலேயே 25 நாள் இருந்து பின் அழியும். ஒருவருக்கு நோய் உறுதியானால் மட்டுமே அது தடமறியும் அதிகாரிகளின் கைக்குப் போகும். ஏற்பாடு எளிமையானது, கருத்தும் நல்லது. ஆனால் ஐஃபோன் வைத்திருந்தவர்கள் தொடக்கத்தில் செயலியைத் திரையில் திறந்தபடியே வைத்திருக்க வேண்டியிருந்தது. என் தாயாரைப் போல் பொத்தான் கைபேசி வைத்திருந்தவர்களுக்கோ அந்தச் செயலியால் எந்தப் பயனும் இல்லை. நோய் யாரை அதிகம் வாட்டுமோ அந்த முதியவர்களே திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கருவி வந்தது. 2020 ஜூன் மாத இறுதியில், எளிதில் நோய்க்கு ஆளாகக்கூடிய 10,000 முதியவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். செப்டம்பரிலிருந்து சமூக மன்றங்களில் எல்லாருக்கும் இலவசமாக வழங்கினார்கள்.

பொருளாக மட்டும் எடுத்துக்கொண்டால், இதைச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கருவியில் ஜிபிஎஸ் இல்லை, இணையத் தொடர்பு இல்லை, சிம் அட்டை இல்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது; யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது மட்டுமே தெரியும், அதுவும் மறைகுறியாக. தன் பாட்டுக்கு எங்கும் செய்தி அனுப்ப அதனால் இயலாது என்பதால், நோய் கண்டவர் கருவியையே கையில் எடுத்துக் கொடுத்தால்தான் அதிலுள்ள பதிவை எடுக்க முடியும். மின்னூட்டம் செய்யும் வேலை இல்லை; மின்கலம் பல மாதம் தாங்கும். இவை வெறும் விளம்பரப் பேச்சு அல்ல என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஜூன் 19ஆம் தேதி கவ்டெக் வெளியார் நால்வரை அழைத்து, முன்மாதிரியைப் பிரித்து உள்ளே பார்க்கவிட்டது. வன்பொருளைப் பிரித்து மேய்வதில் உலகப் பெயர் பெற்ற, சிங்கப்பூரில் வாழும் ஆண்ட்ரூ ஹுவாங் அவர்களுள் ஒருவர். கண்டதை அவர் பொதுவில் எழுதவும் செய்தார். ஓர் அரசு அமைப்பு தன் பொருளைத் தானே முன்வந்து பிரித்துப் பார்க்கக் கொடுப்பது சிறிய செயல் அன்று. செயலியின் அடிப்படை நெறிமுறையையும் அவர்கள் திறந்த மூலமாக வெளியிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா தன் கோவிட்சேஃப் செயலியை அதன் மேல்தான் கட்டியது.

எங்கள் வீட்டுக்கு வந்த கருவியின் கதை அம்மாவின் கையில்தான் தொடங்குகிறது. சமூக மன்றத்தில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிவந்த அன்றே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகப்பிலிருந்த கியூஆர் குறியீட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் பேரா?” என்று கேட்டார். பிறகு பழைய சுங்குடிச் சேலையின் ஓரத்தை வெட்டி ஒரு சுருக்குப்பை தைத்தார். குறியீட்டை ஒவ்வொரு கடையிலும் வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருக்குமே என்று யோசித்து, படுக்கை விரிப்பு வந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சதுரத்தை நறுக்கிப் பையின் முன்புறம் சன்னலாக வைத்துத் தைத்துவிட்டார். மூலைகளில் தையல் சற்றுக் கோணலாக இருக்கும். ஆனால் வருடினாலே தெரியும் குறியீடு எந்தப் பக்கம் என்று. இரவில் அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுவார். விளக்கு அணைந்த பிறகு, சுங்குடித் துணிக்குள்ளிருந்து ஒரு பச்சைப் புள்ளி அவ்வப்போது மின்னி மறைவதைப் பார்க்கலாம். கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அம்மாவுக்கு அந்தப் பச்சைப் புள்ளி பெரிய ஆறுதலாக இருந்தது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட முடக்கக் காலத்தில், அதாவது 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, வாசற்படியைத் தாண்டாமல் இருந்தவர். சந்தைக்குப் போய்வரும் துணிவை அவருக்குத் தந்தது அந்தப் புள்ளிதான்.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. எதிர்வீட்டு மாமா முப்பது ஆண்டு டாக்சி ஓட்டி ஓய்வுபெற்றவர். கையில் அணியும் கருவி வரப்போகிறது என்ற செய்தி வந்ததுமே, 2020 ஜூனில், அதை எதிர்த்து இணையத்தில் எழுந்த மனுவில் கையெழுத்திட்டார். அந்த மனுவில் 50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். என் தந்தையோ துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர், ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்பவர். மின்தூக்கி நிற்கும் தளத்தில், முகக்கவசத்தோடு, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்றுகொண்டு இருவரும் வாதாடியதை நான் பல மாலைகளில் கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் வாதம் 2003லிருந்து வந்தது. சார்ஸ் நோயில் சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் உயிரிழந்தார்கள். வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களை அப்போது கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். உத்தரவை மீறியவர்களின் கையில் மின்னணுப் பட்டை கட்டினார்கள். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு மீண்டு வந்த ஊர் இது, அதனோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்பார். மாமா மறுப்பது அதையல்ல. “நோயாளியக் கண்காணிச்சதுக்கு ஒரு முடிவு இருந்துச்சு அண்ணே, பத்து நாள்ல அவுத்துட்டாங்க. நோயே இல்லாத என்னைய எதுக்கு, எத்தன நாளைக்கு?” என்பதுதான் அவருடைய கேள்வி. இன்றைக்குக் கிருமிக்கு என்று கொடுப்பது நாளைக்கு வேறொன்றுக்கு ஆகாது என்பதற்கு என்ன பிடிமானம் என்றும் கேட்பார். அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூனில், இந்தத் தகவல் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று பொதுவில் சொல்லியிருந்தார். அமைச்சர் சொன்ன பிறகு என்ன என்று அப்பா பேச்சை முடித்துவிடுவார்.

இருவரில் யார் பக்கம் நான் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், அப்பா பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். வசிப்போர் குழுவில் தொண்டூழியராக, கருவி வாங்கத் தயங்கிய முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, இது உங்களைப் பின்தொடராது, உங்கள் பக்கத்தில் நோயாளி இருந்தால் சொல்ல மட்டுமே உதவும் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். நான் சொன்னதில் தொழில்நுட்பத்தைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் “மட்டுமே” என்ற சொல்லுக்கு நான் பிணை நிற்க முடியாது என்பதை நான் உணர்ந்திருக்கவில்லை.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரின் கேள்விக்குப் பதிலளித்த உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் டிரேஸ்டுகெதர் தகவலையும் குற்ற விசாரணைக்காகக் காவல்துறை பெற முடியும் என்று தெரிவித்தார். அன்றே இணையத்தளத்தில் இருந்த தனியுரிமை அறிக்கையும் திருத்தப்பட்டது. மறுநாள் டாக்டர் விவியன், தாம் ஜூனில் பேசியபோது அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்று மன்றத்தில் ஒப்புக்கொண்டார். தகவல் ஒரு கொலை வழக்கில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவந்தது. அந்தச் சமயத்தில் செயலியாகவோ கருவியாகவோ இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 4.2 மில்லியன் பேர்; மக்கள்தொகையில் 78 விழுக்காடு.

அன்று மாலை மாமா வெற்றிக் களிப்போடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படி வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று, “உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணே?” என்று மட்டும் கேட்டார். அப்பா தெரியாது என்றார். மாமா தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா உள்ளே வந்து தம்முடைய கருவியை எடுத்து, திருகாணிகளும் பழைய சாவிகளும் கிடக்கும் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். கருவியை அணைக்கப் பொத்தான் கிடையாது என்பதால் அது அந்த இருட்டிலும் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கும். அடுத்த நான்கு மாதம் அவர் கடைகளில் அடையாள அட்டையைத்தான் நீட்டினார். அப்போது அதற்கு இடமிருந்தது. சட்டத்தை ஒருநாளும் மீறாத மனிதர், சட்டம் அனுமதித்த ஒரே வழியில் தம் மனத்தாங்கலைக் காட்டினார். அவர் கருவியை எடுத்துச் செல்லாததால் நோய்த் தடமறிதலில் ஓர் ஓட்டை விழுந்தது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. வாக்குறுதியில் விழும் விரிசல் நோய்த்தடுப்பிலேயே விரிசலாக முடியும் என்பதை எந்தக் கட்டுரையிலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு இழுப்பறையில் பார்த்தேன்.

கொலை நடந்த இடத்தில் யார் யாரோடு இருந்தார் என்று தெரிந்துகொள்ளக் காவல்துறைக்கு வழியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. கொல்லப்பட்டவரின் தாயாரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் நானும் அதையே கேட்பேன். அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்டிருந்தால், எங்கள் புளோக்கில் பெரும்பாலானோர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். நிறுத்துப் பையில் போட்டு, காசையும் வாங்கிய பிறகு, தராசில் இன்னொரு கல்லும் இருந்தது என்று சொன்னால் சந்தையில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மீன் நல்ல மீனாகவே இருக்கலாம். அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போகக் கால் வராது.

அரசாங்கம் விரைந்து திருத்திக்கொண்டது என்பதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள், 2021 பிப்ரவரியில், அவசரச் சான்றிதழோடு ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் முதலிய ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே இத்தகவலைப் பயன்படுத்தலாம்; வேறெதற்காவது பயன்படுத்தினால் 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்; தேவை தீர்ந்ததும் சேகரிப்பை நிறுத்தித் தகவலை அழித்துவிட வேண்டும். நல்ல சட்டம், தெளிவான சட்டம். என் குறை எல்லாம் அது வந்த நாளைப் பற்றியதுதான். 2020 மார்ச்சில் செயலியோடு வந்திருக்க வேண்டியது, பதினோரு மாதம் கழித்து, விரிசல் விட்ட பிறகு பூச்சாக வந்தது. கருவியின் வன்பொருளை வெளியாரிடம் பிரித்துக் காட்டிய அதே அக்கறையோடு, அதைச் சூழ்ந்திருந்த சட்டத்தையும் அன்றே யாரிடமாவது கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ற கதவு திறந்து கிடப்பதை ஒரு வழக்கறிஞர் அரை நாளில் காட்டியிருப்பார்.

அதற்கிடையில் கருவி தன் வேலையைச் செய்தது. தொடர்புத் தடமறிதலுக்கு முன்பு சராசரியாக நான்கு நாள் பிடித்ததாகவும், டிரேஸ்டுகெதரும், கடைகளுக்குள் நுழைவோரைக் குறித்துக்கொள்ளும் சேஃப்என்ட்ரி பதிவும் வந்த பிறகு அது ஒன்றரை நாளுக்கும் குறைந்ததாகவும் அதிகாரிகள் தெரிவித்தார்கள். தடுப்பூசி இன்னும் பரவலாகாத அந்த மாதங்களில் இரண்டரை நாள் என்பது மிகப் பெரிய காலம். நோய் கண்ட ஒருவரின் அருகில் இருந்தவர், தமக்கே தெரியாமல் தம் வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோகும் முன்பு அவரை நிறுத்திவைக்க அந்த இரண்டரை நாள் போதும். கருவியை முழுக்க வெறுப்பவர்களிடம் நான் எப்போதும் முன்வைப்பது இந்தக் கணக்கைத்தான். மாமாவும் இதை மறுத்ததில்லை.

2021 மே 17ஆம் தேதியிலிருந்து நிலைமை மாறியது. கடைத்தொகுதிகள், உணவகங்கள் போன்ற இடங்களுக்குள் நுழைய அடையாள அட்டையோ கைபேசிக் கேமராவோ செல்லாது. டிரேஸ்டுகெதர் செயலி அல்லது கருவி மட்டுமே செல்லும். ஜூன் 1க்குத் திட்டமிட்டிருந்ததை, டெல்டா வகை பரவியதால் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். தாமாக முன்வந்து எடுத்துக்கொள்ளும் பொருள் என்று நான் கதவு கதவாகச் சொல்லிய அதே பொருள், வாசலில் நிற்கும் கட்டாயமாகிவிட்டது. சட்டப்படி யாரும் கருவி வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது இல்லாமல் அரிசி வாங்கப் போக முடியாது என்றால் அந்த விருப்பத்துக்குப் பெயர் என்ன? அப்பா இழுப்பறையைத் திறந்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரங்களில் ஒருநாள், அம்மா சுருக்குப்பையை மாடத்து ஆணியிலேயே மறந்து விட்டுவிட்டு, வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு கடைக்கு நல்லெண்ணெய் வாங்கப் போனார். வாசலில் நின்ற இளைஞர் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னாராம், கருவி இல்லாமல் உள்ளே விட முடியாது, விட்டால் தம் வேலை போய்விடும் என்று. அம்மா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. வெயிலில் திரும்பி நடந்து வந்து, பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். “அந்தப் பிள்ள என்ன பண்ணும்?” என்றார். இந்த நிகழ்வில் குற்றவாளி என்று யாரையும் சுட்ட முடியாது. எழுபத்திரண்டு வயதில், சர்க்கரை நோயோடு, நண்பகலில் அந்தத் தூரத்தை இரண்டுமுறை நடந்தது மட்டும் நிகழ்ந்தது. கட்டுப்பாட்டின் செலவைக் கணக்கிடும்போது வெள்ளியும் வேலையிழப்பும் ஏட்டில் ஏறும், இந்த மாதிரி நடை ஏறாது. ஒரு மாற்று ஏற்பாடு, முதியவர்களுக்கு மட்டுமேனும் அடையாள அட்டையை ஏற்கும் ஒரு சலுகை, அந்த நாளில் இருந்திருக்க வேண்டும்.

இதே கருவியின் இன்னொரு வடிவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. தங்குவிடுதிகளில் வசித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலைசெய்தவர்களுக்கும் ப்ளூபாஸ் என்ற தனிக் கருவி கொடுக்கப்பட்டது. அது டிரேஸ்டுகெதரோடு இணைந்து இயங்கியது. வேலை அதே வேலைதான். ஆனால் அதை அணிந்தவர்களின் வாழ்க்கை வேறு. விடுதிகளில் இருந்த சுமார் 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்கு 2020 டிசம்பருக்குள் தொற்று ஏற்பட்டிருந்ததாக மனிதவள அமைச்சின் கணக்கு சொல்கிறது. நெருக்கி அடுக்கிய கட்டில்களுக்கு நடுவில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார் என்று புளூடூத் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எனக்கு அப்போதே தோன்றியது.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மின்கம்பி வேலை செய்யும் ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நோய்க்கு முன்பு ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வந்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். நாங்கள் ஐவராகவோ எண்மராகவோ கூடி உணவகத்தில் உட்காரத் தொடங்கிய பிறகும் அவர் வேலையிடத்துக்கும் விடுதிக்கும் பொழுதுபோக்கு நிலையத்துக்கும் இடையில்தான் இருந்தார். 2021 செப்டம்பரில், ஒரு முன்னோட்டத் திட்டமாக, வாரத்துக்கு 500 ஊழியர்கள்வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வர அனுமதித்தார்கள். இலட்சக்கணக்கானவர்களில் ஐந்நூறு பேர். 2022 ஜூன் 24இலிருந்து வெளியே செல்லும் அனுமதிச்சீட்டுத் தேவையில்லை என்று ஆனபோதும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. “எங்கிட்டயும் ஒரு பெட்டி இருக்கு, உங்ககிட்டயும் ஒரு பெட்டி இருக்கு. உங்க பெட்டி கதவத் தொறக்குது அக்கா” என்று அவர் தொலைபேசியில் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாமாவும் அப்பாவும் தனியுரிமையைப் பற்றி வாதாடிய அத்தனை மாலைகளிலும் நாங்கள் யாரும் இந்த வேறுபாட்டைப் பேச்சில் எடுக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். சமூகத்தின் ஆபத்தைக் குறைப்பது என்று பேசும்போது, அந்தச் சமூகம் யாரையெல்லாம் சேர்த்தது என்ற கேள்வியை நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

2021 அக்டோபர் 13இலிருந்து உணவங்காடி நிலையங்களிலும் காப்பிக்கடைகளிலும் உட்கார்ந்து சாப்பிடத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றானது. தடமறிவதற்காகச் செய்த கருவி, தடுப்பூசி நிலையைக் காட்டும் நுழைவுச்சீட்டாகவும் ஆகிவிட்டது. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த என் சின்னம்மா, நாங்கள் எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருக்க, தோசையைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு நடைபாதையில் நின்றார். நானே இரண்டு ஊசி போட்டுக்கொண்டவள், எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டவள். மருத்துவமனைக் கட்டில்கள் நிரம்பிக்கொண்டிருந்த அந்த மாதத்தில் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றும் நம்புகிறேன். ஆனாலும் ஒரு கருவியின் பணி மாறும்போது அதை அணிந்திருப்பவர்களிடம் மறுபடியும் கேட்க வேண்டும் என்பதே என் நிலை. ஜனவரி மாதப் பாடத்துக்குப் பிறகாவது அதைச் செய்திருக்கலாம்.

ஓமிக்ரான் வந்த பிறகு தடமறிதலுக்குப் பொருளே இல்லாமல் போனது. 2022 பிப்ரவரி 22ஆம் தேதி ஒரே நாளில் 26,032 பேருக்குத் தொற்று பதிவானது; அத்தனை பேரின் அருகில் இருந்தவர்களை யார் தேடிப்போவது? எனினும் ஏப்ரல் 26 வரை நாங்கள் ஒவ்வொரு வாசலிலும் கருவியை நீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் அதிகம் என்பது என் கணிப்பு. அதன் பிறகும் கருவியைத் தூக்கிப்போட வேண்டாம், தேவைப்படலாம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. புதிய வகை ஒன்று வரக்கூடிய காலம்தான் அது. அம்மாவின் சுருக்குப்பை ஆணியிலேயே தொங்கியது, மின்கலம் தீர்ந்த பிறகும்.

2023 பிப்ரவரி 13ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை பச்சைக்குத் திரும்பியபோது திட்டம் முடிவுக்கு வந்தது. மார்ச் 12 வரை 108 சமூக மன்றங்களில் கருவிகளைத் திரும்பப் பெற்றார்கள். முடித்த விதத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. நாள் குறித்தார்கள், இடம் சொன்னார்கள், செயலியை நீக்கிவிடலாம் என்றார்கள், அடையாளம் காணக்கூடிய தகவல் வழங்கிகளிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றின் தொடர்பான தகவலை மட்டும், தண்டனைக்குப் பின்னும் சட்டத் தேவை எழலாம் என்பதால், காலவரையின்றி வைத்திருப்பதாக அதையும் மறைக்காமல் சொன்னார்கள். 2021 ஜனவரியில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த வகைப் பேச்சுதான்.

வன்பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதைச் சுற்றியிருந்த வாக்குறுதிக்கு, பின்னர் வந்த சட்டத்தையும் முடித்த விதத்தையும் சேர்த்தே, மூன்று. எல்லாருக்கும் ஒரே மாதிரி கதவைத் திறந்ததா என்ற கேள்விக்கு என்னால் ஒன்றுக்கு மேல் கொடுக்க இயலவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று அப்பாவும் அம்மாவும் நானும் எதிர்வீட்டு மாமாவும் ஒன்றாகத்தான் போனோம். மாமாவும் 2021 மே மாதத்தில் கருவி வாங்கியிருந்தார், வேறு வழியின்றி. பெட்டிக்கு முன் நின்றபோது அம்மா சுருக்குப்பையின் நாடாவை அவிழ்த்துக் கருவியை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் சன்னல் மஞ்சள் படிந்து மங்கியிருந்தது. “உள்ள இருக்கறத அழிச்சிருவாங்கல்ல?” என்று கேட்டார். அழித்துவிடுவார்கள், ஒரு கொலை வழக்குத் தகவலைத் தவிர என்று நான் முழுவதையும் சொன்னேன். இந்த முறை “மட்டுமே” என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்தினேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கருவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பையைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் இப்போது பேருந்திலும் ரயிலிலும் போக அவர் பயன்படுத்தும் ஈஸிலிங்க் அட்டை இருக்கிறது.